முத்துச்செல்வி பொட்டு வைத்த ஜீப்

முத்துச்செல்விக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே தடுமாற்றம்தான். இன்ஜின் மூடியைத் திறந்து காட்டினால் அடுத்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். ஆனாலும் படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங் கடைக்காரர்களுக்கு அவள் பெயரைக் கேட்டாலே ஆகாது. "பொட்டுக்காரி வர்றாளா? வண்டி வித்துப்போச்சின்னு சொல்லிடு" என்று ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய கதை அவள் குடியிருக்கிற சேரப்பணஞ்சேரியில் எல்லோருக்கும் தெரியும்.

பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துக்கு மேற்கே. பன்னிரண்டாவது முடித்து, பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூருக்கு செல்போன் செய்கிற வேலைக்கு வந்தாள். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கு ஒரு கண்ணாடி. அந்தக் கம்பெனி மூடியபோது பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இவள் போகவில்லை. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். பெயிண்ட் அடித்து வெளியே வருகிற வண்டியில் குறை பார்க்கிற வேலை.

அந்த வேலை எப்படி என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் தலைக்கு மேலும் குழல் விளக்கு. வெறும் உடம்பாக வண்டி நகர்ந்து வரும். சீட்டு இருக்காது, சக்கரம் இருக்காது, கண்ணாடி இருக்காது. ஒன்றரை நிமிஷம் அவள் முன்னால் நிற்கும். அதற்குள் கையுறை போட்ட உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓடவிட வேண்டும். தூசி உட்கார்ந்திருந்தால் கைக்குத் தெரியும். பெயிண்ட் வழிந்திருந்தால் தெரியும். தகரத்தில் கடுகளவு பள்ளம் இருந்தாலும் தெரியும். கண் ஏமாறலாம், கை ஏமாறாது என்பாள். குறை இருக்கிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டால் அவள் வேலை முடிந்தது. தேய்க்கிறவன் வேறு ஆள். வண்டி போகலாம் என்று முத்திரை குத்துகிறவர் வேறு ஆள். அந்த முத்திரை நிரந்தர ஊழியர் கையில்தான் இருக்கும். ஒன்பது வருஷத்தில் லட்சக்கணக்கான வண்டியைத் தடவியிருப்பாள். இது போகலாமா கூடாதா என்று ஒருவர் அவளை வாய் திறந்து கேட்டதில்லை.

வாடகை வீட்டுக்கார அம்மா ராஜம்மாவின் தம்பி ஒருமுறை பழைய கார் ஒன்றை விலை பேசிவிட்டு, "நீ கார் கம்பெனிலதானே கீற, சும்மா வந்து ஒரு பார்வை பாரு" என்று இவளைக் கூட்டிக்கொண்டு போனார். மெழுகுப் பென்சில் கம்பெனிக்குள் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தால் கேட்டில் செக்யூரிட்டி மானத்தை வாங்கிவிடுவான். இவள் என்ன செய்தாள், கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். குறை கண்ட இடத்திலெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு. கதவில் நாலு, கூரையில் இரண்டு, பின்பக்கம் முழுக்க. கடைசியில் வண்டி அம்மை போட்டது மாதிரி நின்றது. "ஒரே ஓனர், ஒரு கீறல் கிடையாது" என்று அதுவரை சத்தியம் பண்ணிக்கொண்டிருந்த கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து முத்துச்செல்வி பொட்டுக்காரி ஆனாள். இதற்கென்று காசு வாங்க மாட்டாள். வண்டி நல்லபடியாக அமைந்தால் பிரியாணி வாங்கிக் கொடுப்பார்கள்.

ஊருக்கெல்லாம் வண்டி பார்த்தவளுக்குத் தன் வீட்டுக்கு ஒரு வண்டி பார்க்கும் நாள் வந்தது. இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

அவள் புருஷன் இசக்கிபாண்டி, களக்காட்டுப் பக்கத்து ஆள். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனி மாதத்தில் ஒருநாள் இருபது பேரை வரிசையாக நிற்கவைத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவன் ஆக்டிங் டிரைவர். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, திருப்பதிக்கு என்று அடுத்தவன் வண்டியை ஓட்டுகிற பிழைப்பு. கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாலு மாதத்தில் மனிதன் பாதியாகிப்போனான்.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில் அவனுக்கு ஒரு வழி திறந்தது. வடக்குப்பட்டைத் தாண்டி, ஏரிக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு பெரிய கிடங்கு கட்டுகிறார்கள். மழை பெய்தால் முழங்கால் சகதி. அந்த சைட் மேனேஜர் இசக்கிபாண்டியிடம் சொன்னார்: "ஃபோர் வீல் வண்டியா ஒண்ணு கொண்டா. ஒரு வருஷத்துக்கு மாச வாடகைக்கு எடுத்துக்கறேன், டிரைவரும் நீயே. உள்ள ஆளுக்கு அடி கிடி பட்டா தூக்கிக்கினு வெளிய வர்றதுக்கு வண்டி வேணும்னு மேலிடத்துல கேக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள நிறுத்தணும். இல்லன்னா வேற ஆளு ரெடியா கீறான்."

ஒரு வருஷத்துக்கு வேலை. அதுவும் சொந்த வண்டியில். இசக்கிபாண்டி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பேசிக்கொண்டே இருந்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு நிற்பதையும் விசாரித்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பது, சரியாக இருந்தால் அன்றைக்கே எடுப்பது, திங்கட்கிழமை சைட்டில் நிறுத்துவது. இதில் ஒன்று தவறினாலும் வாடகை அடுத்தவனுக்கு.

"ஏட்டி, நீ ஒருத்தி பாத்தா போதாது. ஜீப்புல்லா. ஆளு சேத்துக்கிட்டுப் போவோம்" என்றான்.

ஆள் சேர்ந்தது. அந்தோணிராஜ், முத்துச்செல்வி வேலை செய்யும் அதே கார் கம்பெனியில் வண்டிக்கு அடியில் வேலை செய்கிறவன். பதினோரு வருஷமாகத் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற வண்டிகளின் வயிற்றை மட்டுமே பார்த்தவன். மணிகண்டபிரபு, அதே கம்பெனியில் கடைசியாக விளக்கு, ஒயர், மீட்டர் எல்லாம் சரிபார்க்கிறவன். இரண்டு பேரும் முத்துச்செல்விக்குத் தம்பி முறை மாதிரி. ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஜீப்புக்குச் சொந்தக்காரர் பலராமன், அந்த ஊரிலேயே தலைமுறையாக இருக்கிற விவசாயக் குடும்பம். நல்ல கரும்பச்சை நிறம். முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம், காய்ந்த மாலை. மூன்று வருஷம் முன்னால் எங்கிருந்தோ மலைப்பக்கத்திலிருந்து வந்ததை வாங்கினாராம்.

"இன்னா கொறைன்னு விக்கல கண்ணு" என்றார் முத்துச்செல்வியிடம். "எங்க வூட்டுல முட்டி வலி. இம்மாம் ஒசரத்துல ஏற முடியல. நீங்க நல்லா மாட்டுக்குப் பல்லு புடிச்சிப் பாக்கற மாதிரி பாத்துக்கோங்க. ஆனா பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள பேசி முடிச்சிடணும்."

கம்பெனியில் வண்டி ஆள் ஆளாகக் கைமாறிப் போகிற லைன் எப்படியோ அப்படியே இங்கேயும் நடந்தது. முதலில் முத்துச்செல்வி. கையுறை போட்டுக்கொண்டு, மேலிருந்து ஆரம்பித்து, ஒரு சுற்று. இடது முன் மட்கார்டு மறுபடி பெயிண்ட் அடித்தது என்று கை வைத்ததுமே சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்கு அது ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. பின்கதவின் அடியில் துரு. கூரை விளிம்பில் இரண்டு இடம். தரைவிரிப்பைத் தூக்கினாள். சீட்டுக்கு அடியில் திருகாணிகளைப் பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். வெள்ளத்தில் முங்கிய வண்டி எதைத் துடைத்தாலும் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக்கோடு வைத்திருக்கும். இதில் அது இல்லை. மொத்தம் பதினோரு பொட்டு. "இந்த வயசு வண்டிக்குப் பதினொண்ணு ஒண்ணுமே இல்ல" என்றாள்.

பிறகு அந்தோணிராஜ். யூரியா சாக்கு ஒன்றை விரித்துப் படுத்து, ஃபோன் டார்ச்சோடு அடியில் நுழைந்தான். சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு உண்டா, எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா, பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்று அரைமணி நேரம் பார்த்தான். தலையெல்லாம் மண்ணோடு வெளியே வந்து, "அண்ணே, அடியில தங்கம்!" என்றான்.

மணிகண்டபிரபு ஒரு கருவியைச் செருகி ஃபோனில் ஏதேதோ பார்த்தான். ஒவ்வொரு விளக்காகப் போட்டான். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருந்தது. நாலு சக்கரமும் இழுப்பதற்கானது அதுதான். அதைப் பிடித்து இழுத்தான். டக்கென்று விழுந்தது. மீட்டர் பக்கத்தில் பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. "சூப்பர்" என்றான். பலராமன் பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸானது போல அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இசக்கிபாண்டி ஓட்டிப் பார்த்தான். நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பினான். கிளட்ச் சரி, கியர் சரி, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கவில்லை. இறங்கும்போது அவன் முகத்தில் நாலு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு இருந்தது. பலராமனின் மனைவி சுந்தராம்பாள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். மணி பத்தே முக்கால்.

லைனில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி கையைவிட்டுப் போகும் முன்னால், "பாக்கி ஏதும் இருக்கா?" என்று ஒருவர் சத்தம் கொடுக்க வேண்டும். முத்துச்செல்வி வாயில் அது தானாக வந்தது. கேட்டுவிட்டு, வண்டிக்குள் எட்டிப் பார்த்தவள் அந்தக் குட்டைக் கம்பியைப் பார்த்தாள்.

"இது யாரு பாத்தீங்க?"

"எது, அதா? அது என் ஸ்டேஷன் இல்லக்கா" என்றான் அந்தோணிராஜ். லைனில் அவரவர் நின்று வேலை பார்க்கிற இடம்தான் ஸ்டேஷன்.

"நான் பாத்தேன்க்கா. லைட்டு எரியுது" என்றான் மணிகண்டபிரபு.

"லைட்டு எரியுது. சக்கரம் சுத்துதா?"

"சக்கரம் என் ஸ்டேஷன் இல்லையேக்கா."

இசக்கிபாண்டி, "தார் ரோட்டுல அதப் போடக்கூடாதுட்டி, அதான் போடல" என்றான்.

சிரிக்காதீர்கள். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள்தான். அவர்கள் கம்பெனி செய்வதெல்லாம் சின்னக் கார். அதில் இந்தக் கம்பியே கிடையாது. கம்பி இல்லாத வண்டிக்கு அதைப் பார்க்க ஒரு ஆளை எந்தக் கம்பெனி போடும்? நாலு பேரும் அவரவர் வேலையை முழுசாகச் செய்துவிட்டு, மிச்சத்தை அடுத்தவன் பார்ப்பான் என்று விட்டுவிட்டார்கள். வாங்க வந்ததோ நாலு சக்கர இழுவைக்காகத்தான். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"ஐயா, சகதியில ஒருவாட்டி இறக்கிப் பாப்போமா?" என்றாள் முத்துச்செல்வி.

பலராமனுக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா, என் வண்டி மேல சந்தேகமா? மூணு வருசமா வச்சினுகீறேன். வாங்க, ஏரிக்குள்ளயே வுட்டுக் காட்டறேன்!" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்தார்.

ஏரிக்கரையில் மாடுகள் தண்ணீருக்கு இறங்குகிற சரிவு ஒன்று இருந்தது. வண்டியை இறக்கும் முன்னால், "ஒரு நிமிஷம் ஐயா" என்று முத்துச்செல்வி ஓடினாள். முன் சக்கரத்தின் இரும்பைத் துப்பட்டாவால் துடைத்து ஒரு பொட்டு, பின் சக்கரத்தைத் துடைத்து ஒரு பொட்டு. பிறகு தள்ளி நின்றுகொண்டாள். பலராமன் குட்டைக் கம்பியை இழுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஜம்மென்று இறங்கியது, பத்தடி போனது, புதைந்தது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. அதிலிருந்த பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றது. முன் சக்கரத்துப் பொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி அசையாமல் இருந்தது.

"ஐயா, போதும், நிறுத்துங்க" என்று கத்தினாள்.

பலராமனின் பங்காளி வீட்டு டிராக்டர் வந்து இழுத்துப் போட்டது. கரைக்கு வந்ததும் அந்தோணிராஜ் சகதியோடு சகதியாக மறுபடி அடியில் நுழைந்தான். இந்தமுறை வெளியே வர வெகுநேரம் ஆனது.

"அண்ணே, நடுவுல ஒரு பெட்டி இருக்கு. அதுலருந்து பின் சக்கரத்தச் சுத்தவைக்க ஒரு பெரிய கம்பி போகுது. முன்னாலயும் ஒண்ணு போகணும் போல. அந்த எடத்துல வெறும் மூளிதான் நிக்கி. பிளாஸ்டிக் பையச் சுத்திக் கட்டி வச்சிருக்கான். கம்பியையே எவனோ கழத்திட்டான்."

"எலேய், காலையில அரைமணி நேரம் அடியில கெடந்தியே, அப்பப் பாக்கலியா?" என்றான் இசக்கிபாண்டி.

"பாத்தேன்ணே. நம்ம கம்பெனி வண்டியில அடியில கம்பியே கெடையாதுல்லா. இதுல ஒண்ணு இருக்கேன்னு ஆச்சரியப்பட்டேன். ரெண்டு இருக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாவம், அவன் சொன்னதும் நியாயம்தான். பழுதாக இருந்திருந்தால் பிடித்திருப்பான். பார்த்தே பழக்கமில்லாத ஒன்று இல்லாமல் இருந்ததை அவன் எப்படிப் பிடிப்பான்? கம்பியைக் கழற்றினாலும் பெட்டிக்குள் கியர் விழும், விளக்கு எரியும். அந்த விளக்கைத்தான் பலராமன் மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்த வண்டியைச் சகதியில் இறக்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இசக்கிபாண்டி படப்பை மெக்கானிக் ஒருவருக்கு ஃபோன் போட்டான். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: கம்பி வரவழைக்க மூன்று வாரம் ஆகும், அதோடு, சும்மா யாரும் கம்பியைக் கழற்ற மாட்டார்கள், முன்பக்கப் பல்சக்கரம் உடைந்திருக்கும், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பலராமன் ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி. என்னையும் ஏமாத்தித்தான் குடுத்துகீறான். நீ குடுக்கறதக் குடுத்துட்டு எடுத்துக்கினு போ. எனக்கு அத்தப் பாக்கவே புடிக்கல" என்றார்.

மணிகண்டபிரபு இசக்கிபாண்டியைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். தனியே என்று பெயர்தான், எல்லோருக்கும் கேட்டது. "அண்ணே, பாதி விலைக்கு வருது. எடுத்துருவோம். நாளைக்கு மேனேஜர் என்ன ஏரிக்குள்ள இறக்கியா பாக்கப் போறாரு? பேப்பர்ல ஃபோர் வீல்னு போட்டிருக்கு, லைட்டு எரியுது. மாச வாடகை வர ஆரம்பிச்சதும் கம்பியப் போட்டுக்கலாம்."

அந்தோணிராஜும் தலையாட்டினான். இசக்கிபாண்டி ஜீப்பைப் பார்த்தான். மணி பதினொன்று நாற்பது. பிறகு முத்துச்செல்வியைப் பார்த்தான்.

"நீ சொல்லு. எடுப்பமா, வேண்டாமா?"

ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவளுக்கு எடுப்போம் என்று சொல்லத்தான் ஆசை. நாலு மாதமாகச் செத்துக் கிடந்த புருஷன் காலையில் சிரித்ததை அவளும் பார்த்தாளே. ஆனால் சேற்றில் அசையாமல் நின்ற அந்த முன் சக்கரமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு சகதியில் நிற்கிற வண்டியை நினைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

"ஒனக்கென்ன கோட்டியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். வேண்டாம்."

இசக்கிபாண்டி விறுவிறுவென்று நடந்துபோய் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முத்துச்செல்வி ஒவ்வொரு பொட்டாக உரித்து எடுத்தாள். பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று. சக்கரத்திலிருந்ததை எடுக்க மட்டும் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அந்தோணிராஜ் அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டான்.

திங்கட்கிழமை போனது; வாடகையும் போனது. வேறொருவன் வண்டி கொண்டுவந்துவிட்டதாக மேனேஜர் ஃபோனில் சொன்னார். இசக்கிபாண்டி திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு முறை மழை பிடிக்கும்போதும், "இந்நேரம் நான் சைட்ல இருந்திருப்பேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். அந்த வருஷம் மழையும் விடாமல் பெய்து தொலைத்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு பகல். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காக முத்துச்செல்வி சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் குடையோடு நின்றாள். எதிரே டீக்கடையில் ஒரு ஜீப் வந்து நின்றது. முழுக்கச் சேறு. ஆனாலும் மழை கழுவிய இடத்தில் இடது மட்கார்டு தெரிந்தது. ஊருக்கெல்லாம் அது ஒரே பச்சை. அவளுக்கு இரண்டு பச்சை. முன்கண்ணாடியில் 'அவசர ஊர்தி' என்று தாள் ஒட்டி, கீழே அந்த சைட்டின் பெயர் போட்டிருந்தது.

அவள் ரோட்டைக் கடந்து ஓடினாள். டிரைவர் உள்ளூர் ஆள், ஐம்பது வயதிருக்கும், டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த வண்டிக்கு முன் சக்கரம் இழுக்காது. அடியில கம்பி கெடையாது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியும்மா. வித்த பெரியவரே சொல்லித்தான் குடுத்தாரு."

"மேனேஜருக்கு?"

"எங்க மொதலாளி அவராண்டயும் சொன்னாரு. 'லைட்டு எரியுதா?'ன்னு கேட்டாரு. எரியுதுன்னோம். 'அப்ப சரி, ஆடிட்டுக்கு வர்றவன் அத்தத்தான் பாப்பான்'ன்னுட்டாரு." ஒரு வாய் டீ குடித்தார். "ஏற்கெனவே ரெண்டு தபா மாட்டிக்கினு, ஜேசிபி வச்சி இழுத்தாங்க. போன வாரம் ஒரு பையன் கால்ல கம்பி குத்திக்கினான். அவன ஏத்திக்கினு வர சொல்ல நடுவுல நின்னுபூட்ச்சி. நாலு பேரு தோள்ல தூக்கிக்கினு ரோட்டுக்கு வந்தாங்க."

"பின்ன ஏன்ணே ஓட்டுதீங்க?"

"வேற இன்னா வேலை கீதும்மா?" என்றார் அவர், கோபமில்லாமல்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. முத்துச்செல்வி ஏறிக்கொண்டாள். அன்றைக்கு லைனில் மூன்று குறைகளைத் தவறவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

மறுநாள் காலையில் இசக்கிபாண்டி ஒரு கல்யாண வண்டிக்குப் போகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப், டிரைவர், மேனேஜர் கேட்ட கேள்வி, காலில் கம்பி குத்தியவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது எல்லாம். அவன் தேய்ப்பதை நிறுத்தினான்.

"அப்ப மேனேஜர் தெரிஞ்சேதான் எடுத்திருக்கான்."

"ஆமா."

"நாம கொண்டுபோயி நிறுத்தியிருந்தாலும் எடுத்திருப்பான்."

"எடுத்திருப்பான்."

அவன் தேய்ப்புப்பெட்டியின் சுவிட்சை அணைத்தான். மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துப் பேசியவன் அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "அப்ப நீ வேண்டாம்னு சொன்னதுல நமக்கு என்னட்டி மிச்சம்? வேலையும் போச்சு. அந்த வண்டி அங்கதான் ஓடுது. அடிபட்டவன் தோள்லதான் வந்தான். யாருக்கு என்ன மிச்சம்?"

முத்துச்செல்வி பாதி தேய்த்த சட்டையின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டாள்.

"எடுத்திருந்தா, அந்தப் பையன உள்ள வச்சிக்கிட்டு நடுச்சகதியில நீங்கல்லா நின்னிருப்பிய" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.